ஈரத் தலை

அருளம்பலத்துக்குப் பொய் சொல்ல வராது. முயன்று பார்த்தாலும் காது இரண்டும் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் நீச்சல் அணியில் நாங்கள் இதை வைத்துச் செய்யாத கேலி இல்லை. எங்கள் தலைவன் ஒஸ்வால்ட், கொட்டாஞ்சேனைக்காரன், "இவனைக் கூட்டிக்கொண்டு வகுப்புக்குக் கள்ளம் அடிக்கவும் ஏலாது" என்று தலையில் அடித்துக்கொள்வான். நான் ஹாஷிம், மாளிகாவத்தை. எனக்கும் அருளம்பலத்துக்கும் முதல் நாளிலிருந்தே ஒட்டிக்கொண்டது. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

அணி என்று பெரிதாகச் சொல்கிறேனே, எங்களுக்குத் தடாகம் கிடையாது. வெள்ளவத்தையில் ரயில் பாதையைக் கடந்தால் கடல், அதுதான் எங்கள் தடாகம். தென்மேற்குக் காற்று அடங்கிக் கடல் படியத் தொடங்கியதும் எங்கள் பருவமும் தொடங்கும். போட்டி என்னவோ கொள்ளுப்பிட்டிப் பக்கம் ஒரு கிளப்பின் தடாகத்தில். கடலில் பழகியவனுக்கு அங்கே சுவர்தான் சத்துரு. போய்த் தொட்டு, உதைத்துத் திரும்ப வேண்டும். கடலில் சுவருக்கு எங்கே போவது? ஒரு பாறையைச் சுவர் என்று வைத்துக்கொண்டு உதைத்து உதைத்துப் பழகினோம். மட்டி கிழித்து எல்லோருடைய காலும் புண். விடிகாலையில் நீந்திவிட்டு நொண்டிக்கொண்டு விரிவுரைக்குப் போவோம்.

பயிற்சி முடிந்தால் அருளம்பலத்தின் வீட்டில் தேநீர். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அந்த வாடகை வீடு. தகப்பன் இல்லை. தாய் சிவக்கொழுந்து அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து மகனின் படிப்புக்காகவே வந்து குடியிருந்தார். அந்த வருடம், 1941, தமக்கை பூரணமும் அங்கே இருந்தார். மலாயாவில் ஈப்போவில் புருஷனுக்கு ரயில்வே உத்தியோகம். தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு வந்து, ஆண்பிள்ளை பெற்று, திரும்பிப் போகக் கப்பலுக்குக் காத்திருந்தார். எங்கள் புண்களுக்கு மஞ்சள் பூசிவிடுவது பூரணம் அக்காதான். "பாறையோடை சண்டை பிடிக்கிறதுக்கோ பல்கலைக்கழகம்?" என்று சிரிப்பார்.

ஐரோப்பாவில் யுத்தம் நடந்த காலம். கப்பல் எப்போது புறப்படும் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். நவம்பர் கடைசியில் திடீரென்று ஆள் வந்து சொன்னான்: நாளைக்குக் காலை. எங்கள் போட்டியும் நாளைக்குத்தான், பின்னேரம்.

பயணம் போன வீட்டில் அன்றைக்கு ஒருவரும் தலைமுழுகக் கூடாது. செத்த வீட்டில்தான் ஆளை அனுப்பிவிட்டு முழுகுவார்கள். எங்கள் வீடுகளில் இந்த வழக்கம் இல்லை. ஆனால் சிவக்கொழுந்து அம்மா அதை மகனிடம் சொன்னபோது அவருடைய முகத்தைப் பார்த்தேன். அது வீம்பு இல்லை, பயம்.

"கடல் கடந்து போற பிள்ளை, தம்பி. கையிலை பச்சைக் குழந்தை. நாளைக்கு ஒரு நாள் நீ தண்ணியிலை இறங்காதை."

நான்கு பேர் மாறி மாறி நீந்தும் போட்டி அது. எங்களிடம் இருந்த ஒரே உபரி ஆள் பாயிஸ், கூகைக்கட்டு வந்து முகம் வீங்கிப் படுத்திருந்தான். "நீ வராட்டி நாங்க மூண்டு பேர், மச்சான். மூண்டு பேரை இறக்க விடமாட்டாங்க" என்றான் ஒஸ்வால்ட். சொல்லிவிட்டு வற்புறுத்தாமல் போய்விட்டான்.

மறுநாள் துறைமுகத்தில் பெட்டி தூக்க நானும் போனேன். தாய் வாசலோடு நின்று வழியனுப்பிவிட்டார். படகில் ஏறுமுன் பூரணம் அக்கா குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு தம்பியின் கையைப் பிடித்தார்.

"அம்மா பயத்திலை சொல்லுறா. நீ போய் நீந்து. எனக்கு ஒண்டும் வராது. வெண்டுபோட்டு எனக்கு எழுது."

அன்று கடைசி ஆளாக அருளம்பலம் குதித்தபோது நாங்கள் இரண்டாவதாக இருந்தோம். சுவரைத் தொட்டுத் திரும்பினான் பாருங்கள், அந்தப் பாறை கொடுத்த உதை அது! ஒரு கை நீளத்தில் வென்றோம். ஒஸ்வால்ட் மறுபடியும் தண்ணீருக்குள் பாய்ந்து அவனைக் கட்டிப்பிடித்தான். அருளம்பலம் அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் காணவில்லை.

பஸ்ஸில் வரும்போது யன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வந்தான், மயிர் காயட்டும் என்று. பம்பலப்பிட்டி தாண்ட மழை பிடித்துக்கொண்டது. எனக்குச் சந்தோஷம். "மழையில நனஞ்சதெண்டு சொல்லுடா" என்றேன். வாசலில் நின்ற தாய் அவனுடைய தலையைத் தொட்டுப் பார்த்தார்.

"மழையோ தம்பி?"

அந்தக் கேள்வியிலேயே பதிலையும் வைத்துக் கொடுத்தார், பாவம். இந்த மடையன் அதை எடுக்கவில்லை.

"இல்லை அம்மா. நீந்தினனான்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். "போன பிள்ளைக்கு முழுகிப்போட்டு வந்து நிக்கிறாய்" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நல்லது.

கப்பல் போய்ச் சேர்ந்ததென்று தந்தி வருமுன்பே ஜப்பான்காரன் மலாயாவில் இறங்கிவிட்டான். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து கடிதமும் இல்லை, தந்தியும் இல்லை. கொழும்பில் குண்டு விழுந்து சனமெல்லாம் ஊருக்கு ஓடியபோதும் சிவக்கொழுந்து அம்மா அசையவில்லை. மகளுக்குத் தெரிந்த விலாசம் இதுதான் என்றார். மகனுக்கு நேரத்துக்குச் சோறு போட்டார், உடுப்புத் தோய்த்துக் கொடுத்தார். பேச்சு மட்டும் இல்லை. கேட்க வேண்டியது ஏதும் இருந்தால் என்னைப் பார்த்துக் கேட்பார்: "பின்னேரம் ஆர் ஆர் சாப்பிடுகினம், ஹாஷிம் தம்பி?" பக்கத்தில் அவன் நிற்பான். ஒரு நாள் பொறுக்காமல், "ஜப்பான்காரன் இவன்ட தலையப் பாத்தா வந்தான், உம்மா?" என்று கேட்டேவிட்டேன். அருளம்பலம்தான் என்னைக் கோபித்தான்.

அதன் பிறகு அவன் கடலில் இறங்கவில்லை. பட்டம் எடுத்து, துறைமுகத்தில் குமாஸ்தா வேலை தேடிக்கொண்டான். இதைவிட நல்ல வேலை கிடைத்தது, போகவில்லை. வரும் கப்பலைப் பார்க்கலாம் என்றான். நாலு வருடம் அப்படிப் பார்த்தான். தாய் சொன்னதை அவன் நம்பினான் என்பதுதான் என்னைத் தின்றது.

யுத்தம் முடிந்து 1946இல் பூரணம் அக்கா வந்தார். இன்ன கப்பலில் வருகிறேன் என்று ஒரு வரித் தந்தி, வேறொன்றும் இல்லை. வாப்பாவின் கடை வேனைக் கொண்டு போனேன். படகிலிருந்து தனியாக இறங்கினார். புருஷன் உத்தியோகத்துக்காக அங்கேயே நின்றுவிட்டாராம். அருளம்பலம் அவருக்குப் பின்னால் பார்த்தான். பின்னால் ஒருவரும் இல்லை.

"காய்ச்சல். மருந்து இல்லை" என்றார் அக்கா. "நடக்கத் தொடங்கியிருந்தவன்."

வீட்டில் பேரனுக்கென்று ஒரு சின்னத் தட்டும் வைத்திருந்தார் சிவக்கொழுந்து அம்மா. மகளைக் கண்டு, வேறு யாரும் வராததைக் கண்டு, அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குசினியில் அவர் அழுதது எங்களுக்குக் கேட்டது. அருளம்பலம் சுவரோடு நின்றான். அவனை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

தாய் திரும்பி வந்து கதவோரம் இருந்தார். அக்காதான் முதலில் வாயைத் திறந்தார்.

"தம்பி, அண்டைக்கு வெண்டனீயோ?"

என்னால் தாங்க முடியவில்லை. வென்றோம் என்று கத்தியிருப்பேன். அதற்குள் அவன் சொல்லிவிட்டான்.

"இல்லை அக்கா. நான் நீந்தேல்லை."

அவனுடைய காதைப் பார்த்தேன். சிவக்கவில்லை. தாய் அவனை ஏறிட்டுப் பார்த்தார், நாலு வருடத்துக்குப் பிறகு.

"ஓம் பிள்ளை" என்றார் மகளிடம். "அவன் அண்டைக்கு என்னோடைதான் வீட்டிலை இருந்தவன்."

மகனைக் காப்பாற்றினாரா, மகளைக் காப்பாற்றினாரா, எனக்குத் தெரியாது. பிறகு எழும்பி, "தம்பி, வா, சாப்பிடு" என்று அவனைக் கூப்பிட்டார். அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினான்.

பூரணம் அக்காவுக்கு அது விளங்கவில்லை. வெறும் மடியில் கையைக் கோத்தபடி இருந்தார்.

"நீந்தேல்லையோ" என்றார். "பிள்ளை போன இரவும் நான் அதைத்தான் நினைச்சுக்கொண்டு கிடந்தனான். என்ரை தம்பியாவது அண்டைக்கு வெண்டிருப்பான் எண்டு."