பித்தளை ஸ்பூனும் ரப்பர் தவளையும்

கம்பு ஒன்பதடி. வீடு பத்தடி. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நியாயம் யார் பக்கம் என்று நீங்களே பாருங்கள்.

ஸ்ரீராம்புரத்தில் நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீடு ஒரே அறை. ஒரு சுவரோரம் மாமியார் கட்டில், அதற்கு அடியில் விறகு. எதிர்ச் சுவரோரம் டிரங்குப் பெட்டியும் தண்ணீர்ப் பானைகளும். பின்மூலையில் அடுப்பு. மூன்று பேர் இருந்தோம், நான், என் வீட்டுக்காரர், அவர் அம்மா. நாலாவதாக அந்தத் தூண்டில் கம்பு.

வார நாளில் அது கூரைக்குக் கீழே இரண்டு ஆணியில் கிடக்கும். சனிக்கிழமை வேலை விட்டு வந்ததும் அதை இறக்கி எண்ணெய் தடவி, நூல் கோத்து, முனையில் இரையைக் கட்டித் தரையில் வைத்துவிடுவார். சுவரோரம் இடமில்லாததால் மூலைக்கு மூலை குறுக்காகக் கிடக்கும். கட்டி வைத்த தூண்டிலை விடியும்வரை அசைக்கக் கூடாது என்பது ஒரு சட்டம். பொம்பளை அதைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மீன் கடிக்காது என்பது இன்னொன்று. அடுப்பு கம்புக்கு அந்தப் பக்கம், தெருக்கதவு இந்தப் பக்கம். குழாய் தெருவில். நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமியார் கட்டிலில் ஏறி அந்தப் பக்கம் இறங்குவேன். மாமியார் மட்டும் ஒரே எட்டில் தாண்டிப் போவார். அவர் தாண்டினால் தோஷமில்லையாம். பெற்றவராம்.

அந்தக் கம்பும் ஒரு தகரப் பெட்டியும் வெள்ளைக்காரத் தொரை ஒருவர் கொடுத்துவிட்டுப் போனவை. என் வீட்டுக்காரர் முன்னே கண்டோன்மெண்ட்டில் அந்தத் தொரை பங்களாவில் எடுபிடியாக இருந்தார். சுதந்திரம் வந்த வருஷம் தொரை கப்பல் ஏறினார். இவர் முனிசிபாலிட்டியில் தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டப் போனார். பெட்டிக்குள் பதினைந்து பொய் இரை இருந்தது. சாயம் அடித்த மரமீன், இறகு கட்டினது, செம்பு ஸ்பூன், பித்தளை ஸ்பூன். ஸ்பூன் என்றால் சாப்பிடுகிற ஸ்பூனின் காம்பை ஒடித்துப் போட்ட மாதிரி இருக்கும், அடியில் மூன்று முள் தொங்கும். வேகமாக இழுத்தால் சுழன்று மினுக்கும். சின்ன மீன் ஓடுகிறது என்று விரால் துரத்தி வந்து கவ்வும். பித்தளை ஸ்பூன்தான் ராஜா என்று தொரை சொன்னாராம். அது இவருக்கு வேதம்.

நான் ஆவணியில் வந்தேன். புரட்டாசி முழுக்க வீட்டில் கவிச்சி இல்லை. ஐப்பசி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை, இவர் சைக்கிளில் கம்பைக் கட்டிக்கொண்டு ஜாலஹள்ளிப் பக்கத்து ஏரிக்குப் போனார். நான் மிளகாய் அரைத்து, புளி ஊற வைத்து, சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். பத்து மணிக்கு வெறுங்கையோடு வந்து சைக்கிளைச் சாத்தினார்.

மாமியார் அவரை ஒன்றும் கேட்கவில்லை. என்னைக் கேட்டார்.

"நேத்து சாயங்காலம் தண்ணிக்குப் போனியே, எப்படிப் போன?"

"சுத்திப் போனேன் அத்தை."

"எங்க சுத்துன? செவுத்து மேல நடந்தியா?"

கட்டிலில் ஏறி இறங்கினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மாமியார் படுக்கிற கட்டிலில் கால் வைத்தது அதைவிடப் பெரிய குற்றமாகிவிடும். எனக்கு அப்போதெல்லாம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. வீட்டில் பேசியதும் குறைச்சல்.

ஆனால் கண் இருந்தது. கோலார் தங்கவயலில் எங்கள் லைன் வீடுகளுக்குக் கீழே ஒரு ஏரி. சின்ன வயதிலிருந்து துணி துவைக்க அங்கேதான் போவேன். எங்கள் வீட்டு ஆம்பிளைகள் பகலெல்லாம் பூமிக்கு அடியில் இருந்தார்கள். ஏரியை நின்று பார்த்தது நான்தான். வெயில் காலத்தில் விரால் நடுத்தண்ணீரில் குட்டி மீனைத் துரத்தும். ஐப்பசி மழை இறங்கி ஊதக்காற்று வந்ததும் தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கிவிடும். அப்போது விரால் கரையோரப் பாசிக்கு வந்து கட்டை மாதிரி கிடக்கும். மூச்சுக்கு ஒரு தடவை மேலே வாயைக் காட்டும், போய்விடும். துரத்தாது. பாசியில் இருந்து ஒரு குட்டித் தவளை அதன் மூஞ்சிக்கு நேரே நழுவினால் மட்டும் டபக்கென்று ஒரு சத்தம் கேட்கும். தவளை இருக்காது.

இரண்டாவது வாரம் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு சொன்னேன். "ஏங்க, குளிர்ல அது ஓடாதுங்க. கலங்கல் தண்ணியில பித்தளை மினுக்குறது தெரியாது. கறுப்பா, மெதுவா..."

இவர் சிரித்தார். "தங்கச் சுரங்கத்துக்குள்ள மீன் புடிச்சீங்களா நீங்க?" என்றார். மாமியாரும் சிரித்தார். பித்தளை ஸ்பூனையே கட்டினார். அன்றும் வெறுங்கை. மூன்றாவது வாரமும் வெறுங்கை.

அன்றைக்குக் குழாயடியில், எல்லோருக்கும் கேட்கும்படி மாமியார் சொன்னார். "வைகாசி வரைக்கும் வாரத்துக்கு ரெண்டு விரால் வந்த வூடும்மா இது. ஆவணியில இவ காலெடுத்து வச்சா. ஏரியே வத்திப்போச்சு!"

ஏரி வற்றவில்லை. அந்த மழைக்கு நிறைந்து, கோடியில் தண்ணீர் வழிந்து போய்க்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக் கன்னடக்கார அக்கா ஒருத்திதான், "ஹோகலி பிடு, மீன்தானே" என்று விடச் சொன்னாள். மாமியார் விடவில்லை. "கார்த்திகை தீபம் ஆனதும் இவளைக் கொண்டுபோய் அவ அம்மா வூட்டுல விட்டுட்டு வா. தை பொறக்கட்டும், பாத்துக்கலாம்" என்றார் மகனிடம். இவர் சைக்கிள் சங்கிலியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கல்யாணமாகி மூன்றே மாதத்தில் ராசியில்லை என்று கொண்டுபோய் விட்டால், எங்கள் லைனில் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெயர் எனக்கு ஒரு மீனால் வரப் போகிறது. மீன்கூட இல்லை, ஒரு பித்தளைத் துண்டால்.

அடுத்த சனிக்கிழமை பகலில் இவர் வேலைக்குப் போனார், மாமியார் சிவாஜிநகர் மார்க்கெட்டுக்கு பஸ் ஏறினார். எனக்கு சைக்கிள் டியூப் துண்டு ஒன்று வேண்டியிருந்தது. தெரு முனையில் பங்க்சர் கடை இருந்தது. போய்க் கேட்கக் கூச்சம். எதிர்வீட்டு அக்காதான் வாங்கி வந்து கொடுத்தாள். ரப்பரை அரிவாள்மணையில் அறுத்தேன். தவளை அளவுக்கு ஒரு உடம்பு, பின்னால் இரண்டு கால். மருந்து பாட்டில் தக்கையை நறுக்கி உள்ளே வைத்து நூலால் இறுக்கினேன். தொரை பெட்டியில் சாயம் உரிந்த மரமீன் ஒன்று இருந்தது, அதன் முள்ளைக் கழற்றிக்கொண்டேன். முள் நுனி மேலே பார்க்கிற மாதிரி கட்டினேன். கீழே பார்த்தால் பாசியில் மாட்டும். அண்டாத் தண்ணீரில் போட்டு மெதுவாக இழுத்துப் பார்த்தேன். கால் இரண்டையும் நீட்டி மடக்கியது.

ஞாயிறு விடிந்ததும் இவர் பல் துலக்கக் குழாய்க்குப் போனார். மாமியார் வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். நான் பித்தளை ஸ்பூனை அவிழ்த்துவிட்டுத் தவளையைக் கட்டி, முள் குத்தாமல் இவர் சுற்றுகிற துணியை அப்படியே சுற்றி வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். விட மனசு வரவில்லை. புடவையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தக் கம்பைத் தாண்டினேன். அந்தப் பக்கம் போய் நின்று, திரும்பவும் தாண்டினேன். இன்னொரு தடவையும்.

பெட்டியை இவர் ஏரிக்கு எடுத்துப் போகமாட்டார், தண்ணீரில் விழுந்துவிடுமாம். அதனால் அங்கே போய் மாற்றிக் கட்ட வேறு ஒன்றும் கிடையாது.

அன்றைக்குப் பத்து மணி ஆவதற்குள் வந்துவிட்டார். இரண்டு விரால். பெரியது என் கை நீளம் இருக்கும். அவரோடு பள்ளம் தோண்டுகிற கூட்டாளியும் வந்திருந்தார். தெருவே எங்கள் வாசலில் நின்றது.

"தொரை பெட்டியில இப்படி ஒண்ணு இருந்தது எனக்கே தெரியாது" என்று இவர் தவளையைத் தூக்கிக் காட்டினார். "ராத்திரி மங்கல்ல தெரியாமக் கட்டிட்டேன் போல. பாரு, சீமை ரப்பர். நம்ம ஊர்ல இப்படி வருமா?"

சீமை ரப்பராம்! 

மாமியார் தன் பங்குக்கு, "நேத்து இவ ஒழுங்கா ஒதுங்கி இருந்தா. அதான்" என்றார்.

கதவுக்குப் பின்னால் நின்றபடியே சொன்னேன். "மூணு தடவை தாண்டுனேன்."

"இன்னாது?"

"காலையில அவர் பல்லு வெளக்கப் போனப்போ. மூணு தடவை. அந்தத் தவளையும் நான் கட்டுனதுதான். முனைக்கடை டியூப்பு."

எதிர்வீட்டு அக்கா, "ஆமா, நானே வாங்கிக் கொடுத்தேன்" என்றாள். கூட்டாளி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போனது. மாமியார் மட்டும் ஏதோ கணக்குப் போடுகிறவர் போல இருந்தார்.

"எத்தினி தடவை?"

"மூணு அத்தை."

"ஒத்தப்படை" என்றார். "ஒரு தடவை தாண்டுனாத்தான் தோஷம். மூணு தடவைன்னா சுத்திப் போட்ட மாதிரி. அதான் மீன் வந்துக்கீது."

கேட்டீர்களா? நாலு வாரமாக என்னைக் கட்டிலில் ஏறி இறங்க வைத்தார்கள். குழாயடியில் மானத்தை வாங்கினார்கள். கடைசியில் என் கால்தான் மீன் பிடித்ததாம், என் கையும் கண்ணும் இல்லையாம். குழம்பு கொதிக்கும்போது எனக்கு அழுகை வரவில்லை. கோபத்தில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை இவர் தவளையைத் தொடவில்லை. கூட்டாளிகள் "சீமை டியூப்பு" என்று வேலையிடத்தில் கேலி செய்தார்களாம். பித்தளை ஸ்பூனைக் கட்டினார். மாமியார் என்னைக் கூப்பிட்டு, தாண்டு என்றார். ஒரு வாரம் முன்னே பாவமாக இருந்தது இப்போது சடங்காகிவிட்டது. கூட்டாளியும் தன் மூங்கில் கம்பைக் கொண்டுவந்து கீழே வைத்து, "தங்கச்சி, நம்மதையும் கொஞ்சம்" என்றார். ஆம்பிளைகள் பார்த்துக்கொண்டிருக்க, தலையைக் குனிந்துகொண்டு இரண்டு கம்பையும் மூன்று மூன்று தடவை தாண்டினேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

ஞாயிறு இரண்டு பேரும் வெறுங்கையோடு வந்தார்கள்.

"எடது காலை மொதல்ல வச்சா. நான் பாத்தேன்" என்றார் மாமியார். கார்த்திகைப் பேச்சு மறுபடி வந்தது. தீபத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.

அந்த வாரம் சனிக்கிழமை மாமியார் கூப்பிட்டபோது நான் அடுப்படியை விட்டு வரவில்லை. "தாண்ட மாட்டேன்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. "எதைக் கட்டணும்னு கேளுங்க, சொல்றேன். தாண்டச் சொல்லாதீங்க."

"பாருடா, வாயப் பாருடா இவளுக்கு" என்று மாமியார் வாசலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். கூட்டாளி வெளியே பீடி பிடித்தபடி நின்றார்.

இவர் எழுந்து தெருக்கதவைச் சாத்தினார். தகரப் பெட்டியைத் திறந்து என் முன்னால் தரையில் வைத்தார். குரலை இறக்கிக்கொண்டு சொன்னார், "போன வாரம் விரால் பாசியில கெடந்ததைப் பாத்தேன். ஸ்பூனை மூஞ்சிக்குப் பக்கத்துலயே இழுத்தேன். திரும்பிக்கூடப் பாக்கல." அப்புறம் இன்னும் மெதுவாக, "நாளைக்கு எது?"

கேட்டது சரி. ஆனால் கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டார். என்னைக் குற்றம் சொன்னதெல்லாம் குழாயடியில், தெரு கேட்க. என்னிடம் புத்தி கேட்பது மட்டும் தாழ்ப்பாள் போட்டு.

நான் எழுந்து கதவைத் திறந்தேன். முழுக்கத் திறந்தேன். அங்கேயே நின்று, வெளியே இருக்கிறவர்களைப் பார்க்காமல், பெட்டியைப் பார்த்துச் சொன்னேன்.

"நாலு நாளா மழையில்ல. தண்ணி கொஞ்சம் தெளிஞ்சிருக்கும். வெயில் ஏறுற வரைக்கும் தவளை. பாசி மேல போட்டு, நழுவ விட்டு, நிறுத்தி நிறுத்தி இழுங்க. வெயில் ஏறுனா அந்தச் சின்ன செம்பு ஸ்பூன். அதையும் மெதுவா. துரத்த வைக்காதீங்க. பித்தளை பங்குனிக்கு வேணும், அதுவரைக்கும் பெட்டியிலேயே கெடக்கட்டும்."

அவ்வளவு நீளமாக நான் அதற்கு முன் பேசியதில்லை. பேசி முடித்ததும் ஓடிப்போய் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன். வெளியே கூட்டாளி, "எனக்கும் ஒரு தவளை கட்டிக் கொடுக்கச் சொல்லுப்பா" என்றது கேட்டது.

மறுநாள் மூன்று விரால் வந்தது. இரண்டு தவளைக்கு, ஒன்று செம்புக்கு. கார்த்திகை தீபத்துக்கு ஸ்ரீராம்புரத்து வாசலில்தான் விளக்கு வைத்தேன். என்னைக் கொண்டுபோய் விடுகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டோம் என்றும் யாரும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அதற்கப்புறம் எத்தனையோ ஐப்பசி வந்து போனது, அப்போதும் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் மட்டும் பெட்டி என் முன்னால் வந்துவிடும். கம்பு எப்போதும்போல வீட்டுக்குக் குறுக்கே கிடக்கும். நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு தடவையோ பத்துத் தடவையோ, எண்ணாமல் தாண்டிப் போவேன்.