பத்திரிகை வைக்க ஒரு வீடு

மாநகராட்சியில் வீடற்றோர் காப்பகத்தைப் பார்க்கும் வேலைக்கு என்னைப் போட்டபோது, "போயும் போயும் இந்த வேலையா?" என்று என் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஓய்வு பெறும்வரை நான் அதை விட்டு நகரவில்லை. தெருவில் படுப்பவர்களைக் காப்பகத்துக்கு அழைத்து வருவது, உடம்பு தேறியதும் ஓர் அறை வீடு பிடித்துக் குடிவைப்பது, அதற்குப் பிறகும் போய்ப் போய்ப் பார்த்துக்கொள்வது, இதுதான் வேலை. நான் நிறையக் கத்துவேன். எல்லாரும் பயப்படுவதுபோல நடிப்பார்கள்.

அங்கே கீழ்வேளூர்க்காரர் ஒருவர் இருந்தார். ரைஸ் மில்லில் வேலை பார்த்தவர். குடித்துக் குடித்துக் குடும்பத்தை விட்டு வந்து, தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் வருஷக்கணக்காகக் கிடந்தவர். காப்பகத்துக்கு வந்தபின் குடியை விட்டார், மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். ஒரு நாள் என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"மேடம், எம் பொண்ணுக்குக் கல்யாணமாம். ஊர்க்காரர்கிட்ட நம்பர் குடுத்துவிட்டேன். நேத்து போன்ல பேசுச்சு. ஞாயித்துக்கிழமை நேர்ல வருதாம்."

"நல்ல சேதிதானே? அதுக்கு எதுக்கு மூஞ்சியத் தொங்கப்போட்டு நிக்கிறீங்க?"

"எல்லாரும் பாய் போட்டுக் கிடக்குற எடத்துலயா மேடம் எம் பொண்ணு வந்து பத்திரிகை வைக்கும்?"

அவருக்கென்று பார்த்த வீட்டில் கரண்ட் மட்டும்தான் பாக்கி. அலைந்து, கெஞ்சி, சண்டை போட்டு, சனிக்கிழமை விளக்கு எரிய வைத்தேன். என் வீட்டிலிருந்து இரண்டு நாற்காலி கொண்டுபோய்ப் போட்டேன். அவர் கஞ்சி போட்ட வேட்டி சட்டையில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண் ஒரு தோள்பையோடு வந்தாள். கையில் தாம்பாளம் இல்லை. உட்கார்ந்தாள், நான் போட்ட காபியைக் குடித்தாள், "வீடு நல்லா இருக்குப்பா" என்றாள். பத்திரிகையை மட்டும் எடுக்கவில்லை. அவர் அந்தப் பையைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். நான் டம்ளரை டக்கென்று கீழே வைத்தேன்.

"ஏம்மா, பெத்த அப்பாவுக்கு ஒரு பத்திரிகை வைக்க மனசு வரலையா?"

அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். "பொண்ணோட அப்பாவுக்கு யாராச்சும் பத்திரிகை வைப்பாங்களா மேடம்?"

பையிலிருந்து ஒரு கட்டுப் பத்திரிகையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். "நீங்க எங்க இருக்கீங்கன்னு தெரியறதுக்கு முன்னாடியே அம்மா உங்க பேரைப் போட்டு அடிச்சிட்டாங்கப்பா. இந்தப் பக்கம் உங்களுக்கு வேண்டியவங்களுக்கெல்லாம் நீங்கதான் வைக்கணும்."

அழைப்பவர் என்ற இடத்தில் இருந்த தன் பெயரை அவர் விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்து, ஒரு பத்திரிகையை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"எங்க வீட்டுக் கல்யாணம். முதல் நாளே வந்துடணும் மேடம்."

வாங்கிக்கொண்டேன்.

மீதிக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்கப்பா?"

"காப்பகத்துக்குத்தாம்மா. அவங்களுக்கெல்லாம் யாரு பத்திரிகை வைக்கிறாங்க?"

"இருங்கப்பா, நானும் வர்றேன்" என்று அவளும் எழுந்து போனாள். நான் அழுதுகொண்டே காபி டம்ளர்களைக் கழுவினேன்.