புலம்பல் பாடாத பெரிய வெள்ளி

என் கழுத்தில் கட்டி இருப்பது தவக்காலம் தொடங்க முன்பே எனக்குத் தெரியும். தெரிந்தும் மறைத்தேன். கோயிலில் என்னோடு முழந்தாளிடும் உங்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் ஊரான கரம்பொன்னில், இயேசுவின் பாடுகளைச் சொல்லி அழும் பெரிய வெள்ளிப் புலம்பலை முன்னின்று பாடியவள் நான். ஒருமுறை என் கணவர் அந்தோனி கடலில் காற்றில் அகப்பட்டு இரண்டு நாள் கரை சேரவில்லை. அவர் திரும்பினால் உயிருள்ளவரை ஒரு பெரிய வெள்ளியும் தவறாமல் பாடுவேன் என்று நேர்த்தி வைத்தேன். வந்தார். பாடினேன். அந்த நாட்களை நினைத்தால் இன்னும் நெஞ்சு நிறைகிறது. வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடக்கும். கோயில் மணி ஓய்ந்திருக்கும். நான் முதலடி எடுத்ததும் ஆண்கள்கூடக் கண்ணைத் துடைப்பார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

பாடிப் பாடித் தொண்டை வீங்கிவிட்டது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு, சேலைத் தலைப்பால் மூடித் திரிந்தேன். சோறு விழுங்கக் கஷ்டப்பட்டதை அந்தோனி கண்டுவிட்டார். அடுத்த நாள் தொழிலுக்குப் போகாமல் என்னை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

ஊசி குத்திச் சோதித்தார்கள். கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியில் புற்றுநோய். சத்திரசிகிச்சைக்குக் கொடுத்த நாள் பெரிய வெள்ளிக்கு ஒரு கிழமை முன்பு.

"டொக்டர், பெரிய வெள்ளி முடியட்டும். பிறகு வெட்டுங்கோ" என்றேன்.

என் சம்மதத்தோடு கட்டியிலிருந்து எடுத்த துளியை ஓர் ஆய்வுகூடத்துக்கும் அனுப்பியிருந்தார்கள். அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு டொக்டர் பொறுமையாகச் சொன்னார்.

"அம்மா, எங்கட கலங்களுக்குள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ. எண்டு நுண்ணிய துணுக்குகள் இருக்கு. எந்த மரபணு பேசலாம், எது அடங்க வேணும் எண்டு பாக்கிறது அதுகள்தான். உங்கட கட்டியில சில துணுக்குகள் அளவுமீறிக் கூடிப்போச்சு. வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுற மரபணுக்களின்ர வாயை அதுகள் பொத்துது. அதை மட்டும் வைச்சு நான் சொல்லேல்ல. ஸ்கானில பக்கத்து நிணநீர்க் கணுவும் வீங்கியிருக்கு. பெரிய வெள்ளி மட்டும் பொறுக்க ஏலாது."

"என்ர குரல்?"

"குரல் நரம்புக்குக் கிட்டத்தான் கட்டி. கவனமாச் செய்வம். உறுதி தர ஏலாது."

ஊருக்குத் திரும்பும் பஸ் கடலுக்குக் குறுக்கே உள்ள பண்ணைப் பாலத்தைக் கடந்தது. அந்தோனி மெதுவாகக் கேட்டார்.

"இஞ்சரும், என்னைக் கரை சேர்க்கத்தானே நேர்ந்தனீர். சேர்ந்த நான் தனிய இருக்கிறதுக்கோ?"

அன்று மாலை கோயில் பீடத்தின் முன் அழுதேன். குரலைக் காப்பாற்றும் என்றே அதுவரை மன்றாடியவள், முதன்முறையாக, "குரலை நீரே வைத்துக்கொள்ளும் ஆண்டவரே, இந்த மனுசனோடு என்னை இருக்க விடும்" என்று கேட்டேன்.

குறித்த நாளிலேயே சுரப்பியையும் கணுக்களையும் வெட்டி எடுத்தார்கள். பெரிய வெள்ளியன்று கழுத்தில் மருந்துக்கட்டோடு கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். குரல் காற்றாகத்தான் வந்தது. என் முதலடி வரவேண்டிய இடத்தில் கோயில் அமைதியாக நின்றது. அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. கோயிலில் ஒருநாளும் வாய் திறவாத அந்தோனி. சுருதி எங்கோ, அவர் எங்கோ. ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். நான் அழுதேன்.

பிறகு, மிச்ச நோயை அழிக்கக் கதிரியக்க அயடின் மருந்தும் எடுத்தேன். எடுத்த சுரப்பிக்குப் பதிலாகத் தினமும் காலையில் ஒரு குளிசை விழுங்குகிறேன். கடைசிச் சோதனையில் நோய் இல்லை என்றார்கள். ஆண்டவருக்குத் தோத்திரம். குரல் பாதிதான் திரும்பியது, அதுவும் கரகரப்பாக.

உங்கள் கழுத்தைத் தடவிப் பாருங்கள். நேர்த்தியைச் சாட்டி வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பயமாக இருந்தால் சொல்லுங்கள், பஸ்ஸில் நானும் கூட வருகிறேன். நாம் உயிரோடு இருப்பதைத்தான் ஆண்டவர் கேட்கிறார், பாட்டை அல்ல.

இப்போதும் புலம்பலுக்கு முதலடி எடுப்பது அந்தோனிதான். இன்னும் சுருதி சேரவில்லை. அதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு ஆயுசு கிடைத்திருக்கிறது.