தரை காயும் வரை

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. முன்னே நடந்தது பின்னே வரும், பெயர்கள் மறந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் வேலையிலிருந்து நின்றபின், புதிதாகக் கிளீனர் வேலைக்கு வரும் பிள்ளைகள் படிக்கட்டும் என்று சூப்பர்வைசர் கலா கேட்டதால் எழுதுகிறேன்.

1. மஞ்சள் பலகை

ஆஸ்பத்திரி வார்டில் தண்ணீர் சிந்தினால் மொப் போட்டு, ‘வழுக்கும்’ என்ற மஞ்சள் பலகையை வைப்போம். ஒரு முறை ஒரு பெரியவர் பலகையைத் தாண்டி நடந்து விழுந்துவிட்டார். அதன் பிறகு, தரை காயும் வரை கிளீனரும் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்று ஆர்டர் வந்தது. எனக்குத் துடைப்பது கஷ்டமில்லை. நிற்பதுதான் கஷ்டம். யாருடைய முகத்தையும் பார்த்துப் பேச எனக்கு வராது.

2. தண்ணீர் கப்

குமரேசன் பெக்கோக்கைச் சேர்ந்த பையன். ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குப் போய் வேலை செய்தவர். கால் மரத்துப்போவதில் தொடங்கிய நோய் மேலே ஏறி, மூச்சுக்கு மெஷின் வைக்கும் அளவுக்குப் போய்விட்டதாம். எங்கள் வார்டுக்கு வந்தபோது கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. அவருடைய அம்மா ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும். மற்ற நாட்களில் மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தபடியே கிடப்பார்.

கை கொஞ்சம் அசைய ஆரம்பித்ததும் பக்கத்து மேசையில் இருக்கும் தண்ணீர் கப்பைத் தட்டிவிட ஆரம்பித்தார். நான் வார்டைத் துடைத்து முடித்து, வாளியைத் தள்ளிக்கொண்டு வாசல் வரை போயிருப்பேன். பின்னால் கப் விழும் சத்தம் கேட்கும்.

“என்ன தம்பி, இப்பதான தொடைச்சேன். கையில எலும்பு இருக்கா இல்லியா?”

“சோரி ஆண்ட்டி. கை நடுங்குது.”

“அலாமாக், மறுபடியுமா?” என்று மிஸ்ஸி ரோஹானி தலையில் கை வைப்பார். வார்டு நர்ஸுகளில் மூத்தவர் அவர்.

துடைப்பேன், பலகை வைப்பேன், நிற்பேன். நோயாளி பக்கத்தில் மரம் மாதிரி நிற்கக் கூச்சமாக இருக்கும். அதனால் தரையைப் பார்த்தபடியே எதையாவது சொல்லிவைப்பேன்.

“நேத்து எங்க சிம்பாங் ரெங்கத்துல நல்ல மழை தம்பி. பஸ் ஸ்டாப்புல ஒரு மாடு வந்து நின்னுகிச்சு. நகரவே இல்ல. அதுக்கும் சேர்த்து நான் கொடை புடிச்சேன்.”

“பஸ்ஸு வந்ததும் ஏறிடுச்சா ஆண்ட்டி?”

இப்படித்தான். தரை காய்ந்ததும் பலகையை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். காய்ந்த பிறகு ஒரு நாளும் நின்றதில்லை.

3. ஓட்டம்

அவர் கட்டிலில் உட்கார்ந்தார், பிறகு கம்பியைப் பிடித்து நடந்தார், பிறகு வீட்டுக்குப் போனார். அதோடு மறந்துவிட்டேன். நான் வேலையிலிருந்து நின்ற பிறகு ஒரு நாள் மிஸ்ஸி ரோஹானி போன் செய்தார். ஜொகூர் பாருவில் மாரத்தான் ஓட்டமாம். குமரேசன் அதில் நம் வார்டுக்கு நன்றி சொல்லி ஓடுகிறாராம். எல்லாரும் ஓட்டம் முடியும் இடத்தில் வந்து நிற்க வேண்டுமாம். நான் வரவில்லை என்றேன். கலா காரோடு வந்து வாசலில் நின்றுவிட்டாள்.

நல்ல ஓட்டக்காரர்கள் எல்லாம் வந்து, சோறு சாப்பிடவும் போய்விட்டார்கள். குமரேசன் ரொம்பப் பின்னால், ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தார். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் எங்கள் வார்டு டாக்டர் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் குமரேசன் போட்டிருந்த பனியனின் முதுகைப் பார்த்தேன். வார்டில் இருந்த எல்லாருடைய பெயரும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, டாக்டர் பெயரைவிடப் பெரிதாக, என் பெயர், ‘லெட்சுமி ஆண்ட்டி’. அதற்குக் கீழே, ‘என் பக்கத்தில் நின்றவர்’.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. தண்ணீர் கொடுக்கும் மேசைக்குப் பின்னால் போய்விட்டேன். கீழே பேப்பர் கப்புகள் கிடந்தன. குனிந்து பொறுக்கினால் முகம் தெரியாது என்று பொறுக்க ஆரம்பித்தேன்.

“மக்சிக், இன்னிக்கு உங்களுக்கு லீவு லா,” என்று மிஸ்ஸி ரோஹானி என்னைப் பார்த்து மலாயில் கத்தினார். மக்சிக் என்றால் ஆண்ட்டி. எல்லாரும் சிரித்தார்கள்.

குமரேசன் நொண்டிக்கொண்டே என்னிடம் வந்தார். நான் நிமிரவில்லை.

“தம்பி, அந்தப் பேர எடுத்துடுங்க. நான் உங்களுக்காக நிக்கல. தரை காயணும்னு நின்னேன். ஆர்டர் அப்படி. தெரியாம இவ்வளவு தூரம் ஓடிட்டீங்க.”

அவர் மேசையிலிருந்து ஒரு கப் தண்ணீரை எடுத்துப் பாதி குடித்தார். மீதியை என் செருப்புக்குப் பக்கத்தில், ரோட்டில், மெதுவாகச் சாய்த்து ஊற்றினார்.

“சிந்திடுச்சி ஆண்ட்டி. காயற வரைக்கும் நில்லுங்க.”

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

“அப்ப அன்னிக்கெல்லாம்...”

“சும்மா கூப்பிட்டா வருவீங்களா? வாளியத் தள்ளிக்கிட்டு ஓடிருவீங்க. மாட்டுக் கதைய யாரு சொல்றது?”

கலா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் எலும்பு இருக்கிறதா என்று கேட்டவள் நான். காற்றாடியை மட்டுமே பார்த்துக்கொண்டு கிடந்த பிள்ளையிடம் தினமும் கேட்டிருக்கிறேன்.

வெயிலில் தார் ரோடு சீக்கிரம் காய்ந்துவிட்டது. நான் நகராமல் நின்றேன். அவரும் நின்றார். தரையைப் பார்த்தபடியே, பொந்தியானிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் மீன்காரர் இப்போது வருவதில்லை என்று சொன்னேன்.

பிள்ளைகளே, ஆர்டர்படி தரை காயும் வரை நில்லுங்கள். காய்ந்த பிறகும் கொஞ்சம் நின்று பாருங்கள்.

கலாவுக்கு: நோயின் பெயரும் ஓட்டம் நடந்த ரோட்டின் பெயரும் எனக்கு வரவில்லை, மிஸ்ஸி ரோஹானியிடம் கேட்டுச் சேர்த்துக்கொள். இன்னொன்றையும் குமரேசனிடம் கேட்க வேண்டும். அவர் உண்மையிலேயே வேண்டுமென்றுதான் தண்ணீரைத் தட்டிவிட்டாரா, இல்லை, அன்று நான் கூசிப்போய் நின்றதைப் பார்த்து அந்த இடத்திலேயே அப்படிச் சொன்னாரா? எனக்குக் கேட்க வெட்கமாக இருக்கிறது. அவர் என்ன சொல்கிறாரோ அதையே போடு.