தேருக்கு விட்ட வழி

தகர வேலியில் விட்டிருந்த அந்த இடைவெளி ஒன்பது அடி அகலம். தையல் நாடாவால் தேரின் அகலத்தை அளந்து, இரண்டு பக்கமும் ஆள் நடக்கக் கொஞ்சம் சேர்த்து, ஒன்பது அடி வேண்டும் என்று மலாய் மொழியில் எழுதிக் கொடுத்தவள் நான்தான். இப்போதும் கட்டட வேலை நடக்கிற எந்த இடத்தைக் கடந்தாலும், வேலியில் வழி எங்கே விட்டிருக்கிறார்கள் என்றுதான் என் கண் தேடுகிறது. என் மகளுக்குப் பதினொரு வயதாகிவிட்டது. அப்போது ஏழு.

லாபு ஊருக்கு உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் ஒரு பக்கம், மாரியம்மன் கோயில் மறுபக்கம். நடுவில் ரப்பர் ஸ்டோர். பாலை உறைய வைப்பது, தகடு இழுப்பது, புகை போடுவது எல்லாம் அங்கேதான். தொழிற்சாலை என்பது நாங்கள் பாடப் புத்தகத்தில் படித்த வார்த்தை; வாயில் வருவது ஸ்டோர்தான். என் கணவர் பதினெட்டு வருடம் அங்கே புகைவீட்டில் வேலை செய்தார். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை நட்டதும் ஸ்டோரை மூடினார்கள். சில வருடங்கள் கூரைத் தகரம் காற்றில் அடித்துக்கொண்டு கிடந்தது. பிறகு தொண்ணூறுகளில், அந்த வட்டாரம் முழுக்க மண் லாரிகள் ஓடத் தொடங்கிய காலத்தில், கோயில் நின்ற மண்ணோடு சேர்த்து ஸ்டோர் நிலத்தை ஒரு வீடமைப்புக் கம்பெனிக்கு விற்றுவிட்டதாகச் செய்தி வந்தது. கொண்டோ என்று மாடிக் குடியிருப்பு கட்டப் போகிறார்களாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பெனி ஆள் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். இளைஞர், மரியாதையாகப் பேசினார். மாடி மாடியாகக் கட்டடம், நீல நிறத்தில் நீச்சல் குளம், குடையின் கீழே வெள்ளைக்கார ஜாடையில் ஒரு குடும்பம் என்று வண்ணப் படம் ஒன்றைக் கரும்பலகையில் ஒட்டினார். சுற்று வட்டாரத்தாரின் கருத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு போக வேண்டும் என்றார். அவர் மலாயில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். கூடியிருந்த லயத்துக்காரர்கள் சொன்னதை மலாயில் சொன்னேன்.

கருத்து என்று கேட்டால் எங்கள் ஆட்கள் முதலில் தரையைப் பார்ப்பார்கள். ஒருவர் வாய் திறந்துவிட்டால் நிறுத்த முடியாது. மாடு வைத்திருந்தவர்கள் மேய்ச்சலுக்கு எங்கே போவது என்றார்கள். வேலையில்லாத இளைஞர்கள் காவல் வேலை தருவார்களா என்றார்கள். மேலேயிருந்து பார்த்தால் நம் வீட்டுக் கொடியில் என்ன துணி காய்கிறது என்பது வரைக்கும் தெரியுமே என்று பெண்கள் கவலைப்பட்டார்கள். எங்கள் லயத்தையும் என்றைக்காவது இடிப்பார்களா என்று ஒருவர் கேட்டதற்கு, அந்த நிலம் இப்போதைக்குத் தங்கள் கையில் இல்லை என்றார் வந்தவர். அந்த ‘இப்போதைக்கு’ என்பதை நான் தமிழில் சொல்லாமல் விட்டேன். ஏன் விட்டேன் என்று தெரியவில்லை.

ஸ்டோரில் லாரி ஓட்டியவர் ஒருவர் படத்தில் இருந்த குளத்தைக் காட்டிக் கேட்டார். “ஏன்லா, இதுல நம்மளக் குளிக்க வுடுவானா?”

“குளிக்க வுட மாட்டான்ணே, கழுவ வுடுவான்,” என்றாள் என் பக்கத்து வீட்டு அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். இதை மலாயில் எப்படிச் சொல்வது என்று நான் திணறியபோது, கம்பெனி ஆளும் என்னவென்று தெரியாமலே சிரித்தார்.

என் கணவரோ வீட்டுக்கு வந்த பிறகுதான், அந்தப் புகைவீட்டை இடித்தால் போதும், அதற்குப் பதில் எதைக் கட்டினாலும் தனக்குச் சம்மதம் என்றார். அவருக்கு இருமல் உண்டு.

கடைசியில் எல்லாரும் ஒரே குரலில் கேட்டது கோயில் வழியைத்தான். வேலி போட்டால் கோயிலுக்கு எப்படிப் போவது? சுற்றிப் போனால் பெரிய ரோடு, ஒன்றரை மைலுக்கு மேல். ஆள் நுழைய மூன்று அடியில் ஒரு கதவு வைக்கலாம் என்றார் வந்தவர். நான் மொழிபெயர்க்கிறவள், அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வருடா வருடம் தேர் லயத்துக்கு வரும், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கும், மூன்று அடியில் தேர் நுழையாது என்று நானே சொன்னேன். அவர் எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதினேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். கோயில் கமிட்டியில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். ஏழு மாதம் அலைந்த பிறகு சம்மதித்தார்கள்.

அந்த ஏழு மாதத்தில் ஒரு நாள் என் கணவர் சொன்னார். “மூணு அடிக் கதவே போதும்லா. தேர் வர்ற அன்னிக்கு மட்டும் ரெண்டு தகரத்தக் கழட்டச் சொன்னா கழட்ட மாட்டானா?”

“ஒரு நாளைக்குக் கழட்டுறேன்னு வாயில சொல்லுவாங்க, அப்புறம் ஆளையே காணோம்பாங்க. எழுத்துல வாங்கிட்டா நிரந்தரம்,” என்றேன்.

நான் சொன்னது தவறு என்று இன்றுகூட யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அப்போது என் மனதில் தேர் மட்டுமா இருந்தது? நான் பேசி ஒரு கம்பெனி இறங்கி வருகிறது என்ற பெருமையும் இருந்தது. வேலியை முடித்த அன்று அந்த ஒன்பது அடிக்கு நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்துப் பார்த்தேன். எட்டவில்லை.

யாரும் பேசாமல் விட்ட விஷயம் ஒன்று இருந்தது. ஸ்டோருக்குப் பின்னால் கழிவுநீர்க் குட்டை. பால் கழுவிய தண்ணீரெல்லாம் வருடக்கணக்கில் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. மேலே கருப்பாக ஆடை படிந்திருக்கும், கீழே ஆழம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஸ்டோரை மூடிய பிறகும் நாற்றம் போகவில்லை. வேலி கிடையாது, அறிவிப்புப் பலகை கிடையாது. இருந்தும் ஒரு பிள்ளைகூட அதில் விழுந்ததில்லை. அந்த நாற்றம்தான் வேலி. நடக்கப் பழகுகிற பிள்ளைகூட மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போகும். கருத்துக் கேட்டபோது குட்டை எங்கள் யார் நினைவுக்கும் வராததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அது எங்களுக்கு ஆபத்தாகத் தோன்றியதே இல்லை.

லாரிகள் வந்து குட்டையின் மேல் செம்மண் கொட்டின. தண்ணீரை இறைக்கவில்லை, சேற்றை அள்ளவில்லை. மண்ணை மட்டும் பரப்பி மட்டம் செய்தார்கள். இரண்டு வாரத்தில் நாற்றம் நின்றது. பள்ளிக்குப் போகும்போது நான் அதைக் கண்ணால் பார்த்தேன். ‘அப்பாடா, மூடிவிட்டார்கள்’ என்று நினைத்தேன். அந்த நினைப்பை என்னால் மறக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் ஐந்து மணிக்குக் கோயிலில் சுண்டல் கொடுப்பார்கள். பிள்ளைகள் கும்பலாகப் போய்க் கும்பலாக வருவார்கள். பெரிய ரோட்டில் போகாமல் உள்ளேயே நடந்து போகிறார்களே என்று எனக்கு அதில் நிம்மதி. அன்றைக்கும் போனார்கள். திரும்பும்போது மழை வருகிற மாதிரி இருந்ததால், பாதையை விட்டுச் செம்மண் மேல் குறுக்கே ஓடியிருக்கிறார்கள். பெரிய பிள்ளைகள் ஓரமாக ஓடித் தப்பிவிட்டார்கள். என் மகள் நடுவில் ஓடியிருக்கிறாள்.

நான் வீட்டில் பயிற்சிப் புத்தகங்கள் திருத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்காவின் மகன் வாசலில் வந்து நின்று மூச்சு வாங்கினான். அவன் சொல்லி முடிக்குமுன் ஓடினேன். சிவப்புப் பேனா கையிலேயே இருந்தது.

அவள் மார்பு வரைக்கும் உள்ளே இருந்தாள். அவளைச் சுற்றிச் செம்மண் பிளந்து கருஞ்சேறு மேலே வந்திருந்தது. நாற்றமும் திரும்ப வந்திருந்தது. வங்காளதேசத்துத் தொழிலாளி ஒருவர் பலகை ஒன்றைப் போட்டு அதில் குப்புறப் படுத்து, அவள் அக்குளில் கை கொடுத்துப் பிடித்திருந்தார். இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தார். நான் அருகே போகக் காலை வைத்தபோது தலையைத் திருப்பி, “ஜாங்கான், காக்கா, ஜாங்கான்,” என்றார். வேண்டாம் அக்கா, வேண்டாம். இன்னொரு காலடி விழுந்தால் பலகையும் போய்விடும் என்று எனக்கும் புரிந்தது. ஓரத்தில் நின்றேன். பெற்றவள் பத்தடி தூரத்தில் சும்மா நின்றேன். கயிறும் ஆட்களும் வரும் வரைக்கும் எவ்வளவு நேரமோ தெரியாது. கால் மணி என்று பிறகு சொன்னார்கள்.

அவள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, சிலிப்பரு உள்ள போயிருச்சி. அடிக்காதீங்கம்மா.”

நான் அடிக்கிற தாய்தான். அதற்கு முந்தைய வாரம்கூட, ஒரு ஜோடியைத் தொலைத்துவிட்டு வந்ததற்காக அடித்திருந்தேன்.

நாலு பேர் கயிறு கட்டி இழுத்தார்கள். வந்தாள். சிரம்பான் மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். என் ஏழு வயது மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வீடு திரும்பிய அன்று மாலையே நான் உட்கார்ந்து கம்பெனி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். வேலியில் விட்டிருக்கும் வழியை உடனே அடைக்க வேண்டும், குடியிருப்பாளர்களின் பிள்ளைகளுக்கு ஆபத்து என்று எழுதினேன். யாரிடமும் கேட்கவில்லை. கமிட்டியிடம் சொல்லவில்லை. என் கணவரிடம்கூடக் காட்டவில்லை. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வழி விடச் சொன்ன கடிதத்துக்கு ஏழு மாதம் பிடித்தது. அடைக்கச் சொன்ன கடிதத்துக்கு ஓர் இரவு. மறுநாள் காலை பள்ளிக்குப் போகும்போது மூன்று புதிய தகரம் பளபளவென்று நின்றது. மூன்று அடிக் கதவுகூட வைக்கவில்லை.

கமிட்டித் தலைவர் போய்க் கேட்டபோது என் கடிதத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். உங்கள் ஆட்களே கேட்டார்கள், உங்கள் டீச்சரே எழுதினார் என்று சொல்லியிருக்கிறார்கள். முதல் கடிதத்தில் இருந்த அதே கையெழுத்து. அவர் திரும்பி வந்துவிட்டார்.

திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவர் என் வீட்டுக்கு வந்தார். கோபமாக வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மகளைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தலையைத் தடவினார். பிறகு என்னிடம் கேட்டார்.

“ஒரே ஒரு நாளு டீச்சர். தேர் வந்துட்டுத் திரும்பற வரைக்கும் தகரத்தக் கழட்டி வைக்கச் சொல்லி ஒரு கடுதாசி. அவங்க ஒங்க எழுத்தத்தான் கேக்குறாங்க. நாங்க கேட்டா ஆவ மாட்டேங்குது.”

என் கணவர் அன்று சொன்னதும் இதுதான். சுவரோரமாக நின்ற அவர் என்னைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் காகிதத்தை எடுத்தேன். மேலே தேதி போட்டேன். கழட்டியதைத் திரும்ப மாட்டாமல் போய்விட்டால்? ஒரு நாள் என்றது ஒரு வாரமாகிவிட்டால்? அந்த ஒரு நாளிலேயே கூட்டத்தில் யார் பிள்ளையாவது கைவிட்டு ஓடினால்? பேனா நகரவில்லை.

“என்னால முடியாதுங்க,” என்றேன்.

தலைவர் காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார். அந்த வருடம் தேர் கொட்டகையிலேயே நின்றது. பெரிய ரோட்டில் இழுக்க அனுமதி கிடைக்கவில்லை. அடுத்த வருடமும் நின்றது. மூன்றாம் வருடம், யாருமே போகாத கோயில் எதற்கு என்று கம்பெனி கேட்டது. கோயிலை நிலத்தின் கோடியில், சாக்கடைச் சுத்திகரிப்புக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டு இடத்துக்கு மாற்றினார்கள். தேர் அங்கே போகவில்லை, வைக்க இடமில்லை.

என்னை யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அதற்கு முன்னால் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், ஓய்வுப் பணம் என்று எந்தத் தாள் வந்தாலும் மாலையில் என் வாசலில் நாலு பேர் நிற்பார்கள். மெல்ல மெல்ல அது நின்றது. லாபுவில் ஒருவர் எழுதிக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் ஒரு நாள் குழாயடியில் சொன்னாள்: “ஒம் புள்ள பொழச்சிருச்சி டீச்சர். எம் புள்ளையா இருந்தா நானும் அதான் செஞ்சிருப்பேன். ஆனா எங்களக் கேட்டுட்டுச் செஞ்சிருப்பேன்லா.”

கொண்டோ எழும்பிவிட்டது. பதினான்கு மாடி. சாயங்காலம் அதன் நிழல் எங்கள் லயம் வரைக்கும் வருகிறது. குட்டை இருந்த இடத்தில் சிமெண்டு போட்டுப் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் வைத்திருப்பதாக, அங்கே கழுவுகிற வேலைக்குப் போகும் அக்காதான் சொன்னாள். சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

என் மகள் நன்றாகப் படிக்கிறாள். புல்லிலோ மண்ணிலோ கால் வைக்குமுன் ஒரு காலை முன்னால் நீட்டி அழுத்திப் பார்ப்பாள். தாங்குகிறது என்று தெரிந்த பிறகுதான் மற்றக் காலை எடுப்பாள். அவள் பின்னால் நடக்கும்போது நானும் அப்படியே நின்று காத்திருக்கிறேன். தேருக்காக ஒரு நாள் தகரத்தைக் கழட்டச் சொல்லி எழுத எடுத்த காகிதம் தேதி மட்டும் போட்டபடி அலமாரியில் இருக்கிறது. அதை எழுதவும் முடியவில்லை, கிழிக்கவும் முடியவில்லை.