கிளிக் செய்யாமலே பச்சை காட்டினேன்

பொய் சொன்னேன். ஓடாத ஒன்றை ஓடுகிறது என்று கூசாமல் சொன்னேன். அந்தப் பொய்யால் வேலை போனது எனக்கல்ல, ஜெசிந்தாவுக்கு!

நாகர்கோவிலில் ஒரு மாடிக் கம்பெனி. கன்னியாகுமரி லாட்ஜ் ஒன்றுக்கு அறை பதிவு செய்யும் இணையதளம் கட்டினோம். சோதிப்பவர்கள் நாங்கள் இருவர்: நான் புரோகிராம் எழுதி, ஜெசிந்தா கையால். கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட வீட்டில் சண்டை பிடித்து வந்தவள். வேலை நிரந்தரமாகாவிட்டால் கழுத்தை நீட்டியாக வேண்டும்... இது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

அறை வகையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் பிரவுசருடைய சாதாரணப் பட்டியல் அல்ல. அழகுக்காக எங்கள் ஆள் தனியாகச் செய்தது. புரோகிராம் அதைத் திறந்து, அறைப் பெயர்கள் வரும்வரை காத்திருந்து, பிறகு கிளிக் செய்ய வேண்டும். என்னுடையதோ அவசரக் குடுக்கை! பட்டியல் விரியுமுன் கிளிக் செய்து, சிவப்பு சிவப்பாகத் தோற்றது.

மானம் போகிறதே என்று குறுக்கு வழி பிடித்தேன். பட்டியலைத் தொடாமலே, 'குடும்ப அறை' என்ற விடையைப் பின்பக்கமாகத் திணிக்கும்படி எழுதினேன். உடனே எல்லாம் பச்சை, எல்லாம் பாஸ்! அதற்குப் பெயர் சோதனையா? காப்பியடித்து வாங்கிய மார்க் அல்லவா?

ஜெசிந்தா என் மேசைக்கு வந்தாள்.

"மக்கா, நெட் மெதுவா இருந்தா என்னத்தத் தொட்டாலும் லிஸ்ட்ல மொத உள்ள சிங்கிள் ரூம்தான் பதிவாவுது. நீ பாத்தியா?"

மேலாளர் முன் செய்து காட்டினாள். ஆபீஸ் இணைப்பு வேகமானது. பட்டியல் ஒழுங்காக நடந்துகொண்டது. அவர் என்னைப் பார்த்தார்.

"எல்லாம் பச்சை சார். இவளுக்குத்தான் சும்மா சந்தேகம்," என்றேன்.

அவள் என்னை நம்பினாள். தன் கண்ணை விட்டுவிட்டு என் வாயை நம்பி, 'சரி' என்று குறித்தாள்... ஐயோ!

ஐயப்ப சீசன் வந்தது. குடும்ப அறை பதிந்துவிட்டு, சபரிமலையிலிருந்து இறங்கி வந்த பக்தர்கள் சிங்கிள் ரூம் வாசலில் கும்பலாக, மூட்டை முடிச்சோடு நின்றார்கள். லாட்ஜ்காரர் மாடியேறி வந்து வாய்க்கு வந்தபடி ஏசினார்.

"மெஷின் பொய் சொல்லாது. சந்தேகம் உள்ளவ நீ எதுக்கு ஓகே போட்ட?" மேலாளர் கேட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள். நான் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை போதுமாயிருந்தது! அது வரவில்லை. மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. அடுத்த மாதமே கல்யாணப் பத்திரிகை வந்தது. நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது, சொல்லுங்கள்?

சில வருடம் கழித்து வடசேரி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஓடி வந்து பேசினாள். கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"உனக்க ஆபீஸ்ல எதாவது வேலை இருந்தா சொல்லு மக்கா. டெஸ்டிங் மட்டும் வேண்டாம். எனக்கு அது வராது."

உனக்கு வரும் ஜெசிந்தா, எங்கள் எல்லாரையும்விட உனக்குத்தான் வரும்... நெஞ்சுக்குள் கத்தினேன்.

"பாக்கேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.