அக்காவுக்கு வாங்கிய செருப்பு

இன்று மாலை நாலே முக்காலுக்கு, ராஜபாளையம் சாலைக் கடையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கினேன். என்னோடு வேலை பார்ப்பவரின் மகளுக்கு. பதினாறு வயதுப் பிள்ளை, இரண்டு மாதமாகத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். கடைக்காரர் பெட்டியைத் திறந்ததும் எழுந்த புது ரப்பர் வாசனையில் எனக்கு மறுபடி பத்து வயதானது.

அக்காவுக்கு அப்போது பதினைந்து. ஆஸ்பத்திரிக் கட்டிலடியில், பார்க்க வந்தவர்கள் வைத்துப்போன ஹார்லிக்ஸ் பாட்டில்கள் நின்றன.

"ஏட்டி, இதையெல்லாம் நீயே குடிச்சிரு. அப்பாவைச் செருப்பு வாங்கிட்டு வரச் சொல்லு. வீட்டுக்கு வெறுங்காலோடயா வருவேன்?" என்றாள்.

மறுநாளே அப்பா வாங்கி வந்து, குனிந்து அவரே மாட்டிவிட்டார்.

"பாத்தியா மக்கா, அளவெடுத்த மாதிரில்லா இருக்கு!"

அக்கா சிரித்தாள். அவர் டீ வாங்கப் போனதும் செருப்பைக் கழற்றி என்னிடம் தந்தாள்.

"வளருத பிள்ளைன்னு எப்பவும் ஒரு சைஸ் பெருசாத்தானட்டி வாங்குவாக?"

அதற்குப் பிறகு வீட்டுக்கு வருவதைப் பற்றி அவள் பேசவில்லை. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்திய வாரம் இறந்துபோனாள். அந்த முறை மட்டும் ஏன் சரியான அளவில் வாங்கினார் என்று அப்பாவிடம் நான் இதுவரை கேட்டதில்லை.

இன்று நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா என் கையிலிருந்த பையைப் பார்த்தார். வயது எண்பத்திரண்டு.

"செருப்பா? காலுக்குச் சரியாப் பாத்து வாங்கினியா? ஒங்க அக்காவுக்கு நான் வாங்கினது எவ்வளவு பொருத்தம்! எப்படிச் சிரிச்சா!"

"ஆமாப்பா" என்றேன். ஒரு அளவு பெரிதாக வாங்கியிருந்த செருப்பை அவரிடம் காட்டவில்லை.